தக்காளி பறிக்க ஆள் வேண்டும்; ஆள் வரக் கூடாது!

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் ஃபுளோரிடா. கடற்கரைக்கும் சுற்றுலாவுக்கும் பேர்போன ஊர் என்றாலும், கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் உள்ளே போனால் முழுக்க விவசாயம்தான். நாட்டின் பெரும்பகுதி பனியில் மூடிக்கிடக்கும் டிசம்பர், ஜனவரியில் இங்கே தக்காளி காய்க்கும். உள்நாட்டில் விளையும் குளிர்காலத் தக்காளியில் பெரும்பங்கு இந்த மாநிலத்தினுடையது.

தென்மேற்கு ஃபுளோரிடாவில் உள்ள இம்மோகலி என்ற சிற்றூர்தான் இந்தத் தக்காளியின் மையம். சத்தே இல்லாத வெறும் மணல். மேட்டுப்பாத்தி, மல்ச்சிங் ஷீட், உரம் எல்லாம் கொடுத்துத்தான் விளைவிக்கிறார்கள். தூர மாநிலங்களுக்கு லாரியில் போக வேண்டும் என்பதால் பச்சைக் காயாகவே பறித்து, எத்திலீன் அறையில் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். நிலம் தயாரிக்க இயந்திரம் உண்டு. மருந்தடிக்கவும் இயந்திரம் உண்டு. பறிப்பது மட்டும் கை. விடியற்காலை 5 மணிக்குப் பழைய பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும். மேஸ்திரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். ஒரு பக்கெட்டுக்குப் பதினான்கரை கிலோ. அதைத் தோளில் தூக்கி ஓடி, லாரியின் மேலே நிற்பவரிடம் வீச வேண்டும். பக்கெட் கணக்கில் கூலி. ஒருவர் ஒரு நாளில் 150 பக்கெட் பறித்தால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்? 1960-ல் சிபிஎஸ் தொலைக்காட்சி ஃபுளோரிடா பண்ணைக் கூலிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் காட்டியபோது, அதில் இருந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களேயான ஏழைக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும். பின்னர் ஹைத்தி தீவினர், மெக்சிகோகாரர்கள், குவாத்தமாலாவின் மாயா இனத்தவர் என்று ஆட்கள் மாறினார்கள். இன்று அமெரிக்கப் பயிர்ப் பண்ணைகளில் வேலை செய்வோரில் பத்துக்கு நாலு பேரிடம் அந்த நாட்டில் தங்கி வேலை செய்வதற்கான சட்டப்பூர்வ ஆவணம் இல்லை என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பே சொல்கிறது.

அந்தப் பத்துக்கு நாலு பேரை வெளியேற்றுவோம் என்பதுதான் அமெரிக்க வலதுசாரி அரசியலின் முதல் வாக்குறுதி. பருவநிலை மாற்றம் என்பது கட்டுக்கதை, அதன் பெயரால் தொழிலுக்குத் தடை போடக் கூடாது என்பது அடுத்தது. 2025 செப்டம்பர் 23 அன்று ஐ.நா. சபையில் பேசிய அதிபர் டிரம்ப் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்: பருவநிலை மாற்றம் உலகத்தின் மீது நடத்தப்பட்ட மிகப்பெரிய மோசடி, குடியேற்றமும் பசுமை எரிசக்திச் செலவும் சேர்ந்து நாடுகளை அழிக்கின்றன. இந்த இரண்டு கொள்கைகளும் வயல்வெளியில் என்ன ஆகின்றன என்று பார்க்க ஃபுளோரிடாவை விடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனென்றால் அங்கே ஒரே ஆளுநர், ரான் டிசாண்டிஸ், ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்துக்குள் இவை தொடர்பான மூன்று சட்டங்களில் கையெழுத்திட்டார்.

முதல் சட்டம்: ஆள் வரக் கூடாது

2023 மே மாதம் கையெழுத்தாகி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது முதலாவது. 25 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொருவரின் தகுதியையும் மத்திய அரசின் கணினிப் பதிவில் சரிபார்க்க வேண்டும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கும் மருத்துவமனைகள், வருகிறவரின் குடியுரிமை நிலையைக் கேட்க வேண்டும். ஆவணம் இல்லாதவரை மாநில எல்லை தாண்டி வண்டியில் ஏற்றிவந்தால் கடுங்குற்றம்.

இந்தக் கடைசி விதி பண்ணை வேலையின் நடைமுறையையே அடித்தது. ஃபுளோரிடாவில் மே, ஜூனில் பருவம் முடிந்ததும் பறிப்புக் குழுக்கள் வேனில் ஏறி வடக்கே ஜார்ஜியா, கரோலினா என்று பயிரைத் தொடர்ந்து போவார்கள். மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வருவார்கள். சட்டம் வந்தபின் திரும்பி வரும் பயணமே குற்றம் ஆனது. ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஆவணம் இருக்கும், அம்மாவுக்கு இருக்காது. அம்மாவை வண்டியில் கூட்டிவரும் மகன் குற்றவாளி. ஃபுளோரிடா பண்ணைத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. ஏற்றிவருவதைக் குற்றமாக்கிய பிரிவுக்கு மட்டும் 2024 மே மாதம் மத்திய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தடை வருவதற்குள் பலர் கிளம்பிவிட்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2023 ஜூனில், ஆளும் குடியரசுக் கட்சியின் மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் மியாமிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் குடியேறியவர்களைக் கெஞ்ச வேண்டிய நிலைமை. அவர்களில் ஒருவர் ரிக் ராத். அவரே காய்கறி விவசாயி. மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தவரும் அவர்தான். விவசாயிகள் கடும் கோபத்தில் இருக்கிறார்கள், ஆட்கள் ஜார்ஜியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இந்தச் சட்டம் பயமுறுத்துவதற்காகப் போட்டது, இதில் ஓட்டை நிறைய இருக்கிறது, போய்விடாதீர்கள் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள் என்று பேசினார். சட்டத்துக்குக் கை தூக்கியவரே அதை நம்ப வேண்டாம் என்று சொன்ன விசித்திரத்தை அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பறிக்க ஆள் இல்லாமல் காய் செடியிலேயே வெடித்துக் கிடப்பதைப் பார்த்த விவசாயிக்கு அவருடைய பதற்றம் புரியாமல் போகாது.

சட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். விதியை மீறி வந்தவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்வதால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி ஏறாமல் நிற்கிறது. அவர்கள் போனால் கூலி உயரும் என்பது வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அமெரிக்கா இதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. 1942 முதல் 1964 வரை ‘பிராசெரோ’ என்ற திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து பண்ணைக் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கூலியை உயர்த்துவதற்காகவே அது நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, மைக்கேல் கிளெமன்ஸ் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் மாநிலவாரியாகக் கூலிக் கணக்குகளை எடுத்து ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். மெக்சிகோ ஆட்கள் நிறைய இருந்த மாநிலங்களிலும், அறவே இல்லாத மாநிலங்களிலும் கூலி ஒரே மாதிரிதான் நகர்ந்திருந்தது. விவசாயிகள் இயந்திரம் இருந்த பயிரில் இயந்திரத்துக்குப் போனார்கள். இல்லாத பயிரைக் குறைத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் சாஸ் தயாரிக்கும் தக்காளியை இயந்திரம் பறிப்பது அப்போதுதான் பரவியது. அதற்காகவே, அடிபட்டாலும் நசுங்காத கெட்டித்தோல் ரகத்தை உருவாக்கினார்கள். சமையலுக்குப் போகும் தக்காளிக்கு அந்த வழி இன்றுவரை கைகூடவில்லை.

இரண்டாவது சட்டம்: நிழலும் தண்ணீரும்

2023 கோடை ஃபுளோரிடாவில் வரலாறு காணாத வெப்பம். ஜூலை 24 அன்று மாநிலத்தின் தென்முனையில் உள்ள மனாட்டீ விரிகுடாவில் கடல்நீரின் வெப்பமே 38.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு. அந்தக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்த வெயிலில் குனிந்து வேலை செய்யும்போது வியர்வை உலராது, உடம்பு தணியாது. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் இந்த வழியாகத்தான் வருகின்றன.

அந்த ஆண்டு மியாமி-டேட் மாவட்ட நிர்வாகம் ஒரு விதியைக் கொண்டுவர முயன்றது. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் பத்து நிமிட ஓய்வும் குடிநீரும் தர வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கட்டுமான, பண்ணை முதலாளிகளின் அமைப்புகள் எதிர்த்தன. 2024 ஏப்ரலில் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம், எந்த நகராட்சியோ மாவட்டமோ இப்படி ஒரு விதியை விதிக்கவே கூடாது என்று தடுத்துவிட்டது. ஊருக்கு ஒரு விதி இருந்தால் தொழில் நடத்த முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அப்படியானால் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி போட்டிருக்கலாம். அதையும் போடவில்லை. வெளியில் வேலை செய்வோர் ஃபுளோரிடாவில் சுமார் 20 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டுக் குடிமக்கள்தான். குடியேறியவர்களுக்கு மட்டும் எதிரான சட்டம் இது என்று நினைப்பது தவறு.

இம்மோகலியில் மட்டும் ஒரு மாற்று வழி நடக்கிறது. 1993-ல் தொடங்கிய இம்மோகலி தொழிலாளர் கூட்டமைப்பு, பண்ணைக்காரரோடு மட்டும் மோதிப் பயனில்லை, அவரிடம் வாங்கும் பெரிய நிறுவனங்களைப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. நான்கு ஆண்டுப் புறக்கணிப்புக்குப் பிறகு 2005-ல் டாகோ பெல் உணவக நிறுவனம் இறங்கிவந்தது. பின்னர் மெக்டொனால்ட்ஸ், 2014-ல் வால்மார்ட். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அது தொழிலாளியின் சம்பளத்தில் சேரும். ஒப்பந்த விதிகளை மீறும் பண்ணையிலிருந்து வாங்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு என்பது இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதால் மாநிலச் சட்டம் இதைத் தொட முடியவில்லை.

மூன்றாவது சட்டம்: பெயர் சொல்லாதே

2024 மே மாதம் வந்தது மூன்றாவது. மாநிலத்தின் எரிசக்திச் சட்டங்களில் ‘பருவநிலை மாற்றம்’ என்று இருந்த இடங்களில் பெரும்பாலானவற்றை நீக்கியது. மாநிலத்துக்குச் சொந்தமான கடற்பகுதியில் காற்றாலை வைப்பதையும் தடை செய்தது. தீவிரப் பசுமைவாதிகளின் திட்டத்தை நிராகரிக்கிறோம் என்றார் ஆளுநர்.

சட்டத்தில் வார்த்தையை எடுத்துவிட்டார்கள் என்பதால் அரசு கடல்மட்டத்தைப் பார்க்காமல் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அதே டிசாண்டிஸ் 2021-ல் ‘ரெசிலியன்ட் ஃபுளோரிடா’ என்ற திட்டத்தைத் தொடங்கி, சாலையை உயர்த்தவும் வெள்ளநீரை வெளியேற்றவும் கரையைப் பலப்படுத்தவும் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார். வெள்ளம் வருவது தெரியும், அதற்குச் செலவு செய்யவும் தயார். ஏன் வருகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கடற்கரை வீட்டுக்குப் பணம் உண்டு; வயலில் நிற்பவருக்கு நிழல் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களோ அரசியல் பேசுவதில்லை. புயல் நஷ்டத்துக்குப் பயந்து பல நிறுவனங்கள் விலக, வேறு கதியில்லாதவர்களுக்காக மாநிலம் வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்தில் 2023-ல் சுமார் 14 லட்சம் பாலிசிகள் வந்து குவிந்தன.

விவசாயியின் நிலைமை இதில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஆரஞ்சைப் பார்த்தால் போதும். 1997-98 பருவத்தில் ஃபுளோரிடா 24.4 கோடி பெட்டி ஆரஞ்சு எடுத்தது. ஒரு பெட்டி 40.8 கிலோ. 2024-25-ல் கிடைத்தது சுமார் 1.2 கோடி பெட்டி. இருபதில் ஒரு பங்கு. முதல் காரணம் பருவநிலை அல்ல. 2005-ல் நுழைந்த ‘கிரீனிங்’ நோய். நம் சாத்துக்குடி, எலுமிச்சைத் தோட்டங்களிலும் சைலிட் பூச்சி பரப்பும் அதே நோய்தான். நோயில் தளர்ந்து நின்ற மரங்களை 2017-ல் இர்மா, 2022-ல் இயன், 2024-ல் மில்டன் என்று அடுத்தடுத்த பெரும்புயல்கள் உலுக்கின. வெதுவெதுப்பான கடல்நீர்தான் இத்தகைய புயல்களுக்குத் தீனி. 2025 ஜனவரியில் அலிகோ என்ற மிகப்பெரிய ஆரஞ்சு நிறுவனமே இந்தத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது.

இப்படியிருந்தும் அமெரிக்காவில் விவசாயத்தையே நம்பியிருக்கும் மாவட்டங்களில் முக்கால் பங்கு வாக்கு டிரம்புக்குத்தான் போகிறது. அவர்கள் ஏமாளிகள் அல்ல. டீசல் விலை, நில வரி, தண்ணீர் மீதான அரசு விதிகள் என்று தினசரி உறுத்தும் பிரச்சினைகளில் இந்தக் கட்சிதான் தங்கள் பக்கம் நிற்கிறது என்று நினைக்கிறார்கள். மக்காச்சோளம், சோயா விதைக்கும் மாநிலங்களில் அறுவடை முழுக்க இயந்திரம். அங்கே ஆள் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, பால் என்று கை தேவைப்படும் தொழில்காரர்கள்தான் இடையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிளம்பிய ஊரில்

பறிப்பவர்கள் எங்கிருந்து, ஏன் கிளம்பினார்கள் என்பது அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் பேசப்படுவதில்லை. குவாத்தமாலாவின் மேற்கு மலைகளிலிருந்து மாயா மக்கள் 1980-களில் உள்நாட்டுப் போருக்குத் தப்பித்தான் முதலில் ஃபுளோரிடாவுக்கு வந்தார்கள். பின்னர் வந்தவர்களைத் தள்ளியதில் பயிருக்கும் பங்கு உண்டு. 2012-13-ல் மத்திய அமெரிக்காவின் காபித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தது. குவாத்தமாலா அரசு நெருக்கடி நிலையே அறிவித்தது. மலை உச்சியின் குளிர் முன்பு இந்தப் பூஞ்சாணத்தைத் தடுத்து வைத்திருந்தது. வெப்பம் ஏற ஏற அதுவும் மேலே ஏறியது. 1869-ல் இலங்கையில் தென்பட்டு, அங்கே காபியையே ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதும் இதே நோய்தான். அந்தத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடு தனிக் கதை.

மலைக்குக் கீழே, குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா வழியாக ஓடும் ‘வறட்சிப் பட்டை’ இருக்கிறது. மானாவாரி மக்காச்சோளமும் பீன்ஸும்தான் சாப்பாடு. மே மாதம் முதல் மழை. ஜூலை, ஆகஸ்டில் சில வாரம் இடைவெளி. பிறகு இரண்டாவது மழை. அந்த இடைவெளி நீண்டுவிட்டால் பூக்கும் பருவத்தில் பயிர் காய்ந்து, கதிரில் மணி பிடிக்காது. 2014, 2015, 2018 ஆண்டுகளில் அப்படித்தான் ஆனது. 2020 நவம்பரில் ஈட்டா, அயோட்டா என்று இரண்டு பெரும்புயல்கள் இரண்டே வார இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கரையேறின. ஹோண்டுராஸின் சூலா பள்ளத்தாக்கு வாழைத் தோட்டங்கள் மூழ்கின. அடுத்த இரண்டு மாதத்தில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தே வடக்கு நோக்கிக் கிளம்பினார்கள். குவாத்தமாலா ராணுவம் வழியிலேயே அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பியது.

மழை பொய்த்ததால் மட்டும் யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை. கடன், ரவுடிகள் கேட்கும் மாமூல், ஏற்கெனவே போன அண்ணன் அனுப்பும் பணம் என்று எல்லாம் கலந்திருக்கிறது. மேலும், நிலம் கைவிட்டால் மக்கள் பெரும்பாலும் சொந்த நாட்டு நகரத்துக்குத்தான் போகிறார்கள். 2050-க்குள் பருவநிலையால் 21.6 கோடிப் பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்பது உலக வங்கி 2021-ல் போட்ட கணக்கு. நாட்டெல்லை தாண்டுபவர்கள் அதற்கு மேல். அவர்களுக்கு 1951-ன் அகதிகள் ஒப்பந்தத்தில் இடமில்லை. அதில் இனம் உண்டு, மதம் உண்டு, வறட்சி இல்லை.

ஊரிலேயே பயிரைக் காப்பாற்ற உதவினால் ஆட்கள் வருவது குறையும் என்று வலதுசாரிகள் யோசித்திருக்கலாம். 2019 மார்ச்சில் டிரம்ப், மக்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடாருக்கான உதவியை நிறுத்துவதாக அறிவித்தார். இரண்டாவது முறை பதவிக்கு வந்தபின் 2025-ல் யுஎஸ்எய்ட் அமைப்பையே மூடினார். வறட்சியையும் விளைச்சலையும் கவனித்துப் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்ல 1985-ல் தொடங்கப்பட்ட முன்னெச்சரிக்கை அமைப்பும் அந்த ஜனவரியில் சில மாதங்களுக்கு முடங்கியது. பதவியேற்ற அன்றே பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உத்தரவு. 2026 ஜனவரி 1 முதல், தொழிலாளர்கள் ரொக்கமாகக் கட்டி ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு சதவீத வரி. குவாத்தமாலாவின் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி வரும் பணம்தான்.

புதிய ஏற்பாடு

2025 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஸ்ட்ராபெர்ரி வயல்களில் குடியேற்றத் துறையினர் துரத்திப் பிடித்தபோது, பண்ணைகள் கூச்சலிட்டன. நல்ல, நெடுநாள் வேலையாட்களை விவசாயிகள் இழக்கிறார்கள் என்று ஜூன் 12 அன்று டிரம்பே எழுதினார். பண்ணைகளில் சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். சில நாட்களில் மறுபடியும் தொடரச் சொன்னார்கள். ஜூலையில், மெக்சிகோ தக்காளிக்குச் சுமார் 17 சதவீத வரி விதித்து ஃபுளோரிடா தக்காளிக்காரர்களின் நீண்டநாள் கோரிக்கையை நிறைவேற்றினார்கள். வெளித் தக்காளிக்கும் தடை, பறிக்கும் ஆளுக்கும் தடை.

இடைவெளியை நிரப்புவது ‘எச்-2ஏ’ விசா. ஒரு பருவத்துக்கு வந்து பறித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரே முதலாளியிடம்தான் வேலை. அவர் வெளியேற்றினால் நாட்டை விட்டும் வெளியேற வேண்டியதுதான். இந்த விசாவை மிக அதிகமாகப் பயன்படுத்தும் மாநிலம் ஃபுளோரிடா; ஆண்டுக்குச் சுமார் 50,000 இடங்கள். முதலாளி தங்க இடமும் போக்குவரத்துச் செலவும் தர வேண்டும் என்பதால் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. பெரிய பண்ணைக்குத்தான் தோது. உள்ளூர் ஆளை விட மலிவாகப் போய்விடக் கூடாது என்பதற்காக இதற்கு ஒரு குறைந்தபட்சக் கூலி உண்டு.

2025 அக்டோபர் 2 முதல் அந்தக் கூலியைக் கணக்கிடும் முறையை மத்திய தொழிலாளர் துறை மாற்றியது. கூலி குறைந்தது, தங்குமிடத்துக்கும் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றானது. ஏன் இந்த மாற்றம் என்று விளக்கும் அரசு ஆவணத்தில், குடியேற்ற நடவடிக்கைகளால் ஆட்கள் குறைந்து நாட்டின் உணவு உற்பத்திக்கே பாதிப்பு வரும் அபாயம் இருக்கிறது என்று துறையே எழுதியிருந்தது. இம்மோகலியில் குளிர்காலத் தக்காளிப் பறிப்பு தொடங்கச் சில வாரங்கள் இருந்தன.